டெண்டர் முடிந்த பின் கருத்துக் கேட்பு

கொட்டிவாக்கத்திலிருந்து உத்தண்டி வரை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது மணல். கொட்டும் மழையைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிக்கொள்ளும் மணல். கீழே இறங்கும் அந்த மழைநீர், கனமான உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்கி நிற்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரைதான் அங்குள்ள கிணறுகளில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் கிடைக்கும். அது மெலிந்தால் கடல் உள்ளே வரும். இது அரசுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது. இந்தக் கடற்கரைப் பட்டையை நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று குறித்து, அங்கே கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்ததே அந்தத் திட்டம்தான். ஆனாலும், கோவளம் வடிநிலத்துக்கான மழைநீர் வடிகால் திட்டத்தின் ஒரு பகுதியாக, ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு, இதே மணலில் கான்கிரீட் கால்வாய் பதிக்க 2020-ல் மாநகராட்சி இறங்கியது. மணல் சும்மாவே குடித்துக்கொள்ளும் தண்ணீரைப் பிடுங்கிக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு திட்டம், அதற்கு ஒரு கடன்.

அந்தத் தெருக்காரர்கள் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. தண்ணீரே தேங்காத தெருவுக்கு வடிகால் எதற்கு? இதைக் கேட்க நீரியல் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு ஐப்பசி, கார்த்திகை அங்கே குடியிருந்தால் போதும். எதிர்ப்பு எழுந்து, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகு பணி நிறுத்தப்பட்டு, திட்டம் மறுபரிசீலனைக்கு வந்தது. அதற்குள் வடிவமைப்பு முடிந்து, கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, டெண்டர் விட்டு, வேலையும் தொடங்கியிருந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது. தெருவில் நின்று கேள்வி கேட்கப்படும் பயம் உள்ள ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்தில்தான் இந்தக் கால்வாய்கள் காகிதத்திலிருந்து தரைக்கு வந்தன.

சென்னையின் சுற்றுச்சூழல் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படி வரிசை மாறியதால் பிறந்தவை. அரசு மக்களைக் கேட்பதே இல்லை என்று சொன்னால் அது பொய். கேட்கிறது, சில சமயம் ஷாமியானா போட்டு, வீடியோ எடுத்துக்கூடக் கேட்கிறது. ஆனால் முடிவெடுத்த பிறகு கேட்கிறது. வரைபடத்தைக் கையில் தராமல் கேட்கிறது. சொன்னவருக்குப் பதில் சொல்லும் கடமையும் அதற்கு இருப்பதில்லை. இந்த மூன்றும் மாறாதவரை நகரத்தைப் பற்றிய விவாதம் நீதிமன்றத்தில்தான் நடக்கும். அங்கே பேசுவதற்கு ஆகும் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு 1997-ல் கட்டாயமானது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன்படி, கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னதாகவே அறிவிப்புத் தர வேண்டும். வரைவு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். கலெக்டரோ அவர் சார்பில் உரிய பதவியில் உள்ளவரோ தலைமை தாங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்த வேண்டும். பேசியது முழுக்கப் பதிவாக வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டம் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அங்கே வாக்கெடுப்பும் இல்லை. எழுந்த ஆட்சேபங்களுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் ஏதோ ஒரு விளக்கம் எழுதிச் சேர்த்தால் போதும். அந்த விளக்கம் ஆட்சேபம் சொன்னவரின் வீட்டுக்கு வருவதில்லை. நகரவாசிகளுக்கு முக்கியமான வரி இதே அறிவிக்கையில் வேறோர் இடத்தில் இருக்கிறது. கட்டடங்கள், பகுதி வளர்ச்சித் திட்டங்கள், டவுன்ஷிப்புகள் ஆகியவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அது விலக்கு அளித்துவிடுகிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், ஆனால் பக்கத்துத் தெருக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. மெட்ரோ ரயில் அந்த அறிவிக்கையின் திட்ட அட்டவணையிலேயே இல்லை. மழைநீர் வடிகாலும் இல்லை. ஒரு நகரத்தின் தரைமட்டத்தையும் நீர்ப்போக்கையும் அன்றாடம் மாற்றுவது எதுவோ, அதில் பெரும்பகுதிக்கு மக்களைக் கேட்கும் சட்டக் கடமை கிடையாது. அனல் மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் உண்டு.

துறைமுகத்துக்கான கூட்டம் என்ன ஆகிறது என்பதற்கு எண்ணூரை ஒட்டிய காட்டுப்பள்ளி உதாரணம். ஆண்டுக்கு சுமார் 24.65 மில்லியன் டன் கையாளும் துறைமுகத்தை 320 மில்லியன் டன்னுக்கு விரிவாக்கும் திட்டம் அது. மொத்தம் 6,000 ஏக்கருக்கு மேல், அதில் கணிசமான பங்கு கடலைத் தூர்த்து எடுப்பது. 2021 ஜனவரியில் கூட்டம் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பருக்கு மறுபடி அறிவித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள். மீனவர்கள் இந்த ஆண்டுகளில் செய்த வேலை கவனிக்கத்தக்கது. எண்ணூர்க் கழிமுகத்தைத் தெளிவாகக் காட்டிய 1996-ம் ஆண்டுக் கடற்கரை மேலாண்மை வரைபடத்துக்கும் பின்னாளில் அரசு கையில் வைத்திருந்த வரைபடத்துக்கும் ஒற்றுமை இல்லை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே கொண்டுவந்தது அவர்களும் அவர்களோடு நின்ற ஆர்வலர்களும்தான். இறால் எங்கே முட்டையிடும், எந்த மாதத்தில் எந்த வாய்க்காலில் வலை வீசலாம் என்று தெரிந்தவர்கள், ஆறு இருக்கிறது என்பதையே ஆவணத்தால் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2023-ல் கடற்கரை மேலாண்மை வரைவு வரைபடங்கள் மீது கருத்துக் கேட்டபோதும், தங்கள் குப்பங்களும் வலை உலர்த்தும் இடங்களும் படகு நிறுத்தும் இடங்களும் அதில் முழுமையாக இல்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள்.

வரைபடம் கிடைத்தாலும் மொழி வழிமறிக்கும். சென்னைக்கான பருவநிலைச் செயல்திட்டத்தின் வரைவை 2022-ல் மாநகராட்சி வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே வெளியிட்டது. வெள்ளத்தையும் வெக்கையையும் முதலில் வாங்கிக்கொள்ளும் வியாசர்பாடிக்காரரும் காசிமேட்டுக்காரரும் படிக்க முடியாத மொழியில் அவர்கள் எதிர்காலம் பற்றிய அபிப்பிராயம் கேட்கப்பட்டது. எதிர்ப்பு வந்த பிறகுதான் தமிழ் வடிவமும் கூடுதல் அவகாசமும் கிடைத்தன. மத்திய அரசு இதில் சளைத்ததில்லை. ஊரடங்கு நடுவே 2020-ல் வந்த தாக்க மதிப்பீட்டு வரைவை மாநில மொழிகளில் வெளியிட டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வரைவின் அம்சங்களில் ஒன்று, முப்பது நாள் அறிவிப்புக் காலத்தை இருபதாகக் குறைப்பது. ஏறக்குறைய இருபது லட்சம் ஆட்சேபங்கள் வந்து குவிந்தன. மக்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் அந்த எண்ணிக்கையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சதுப்பின் எல்லை எங்கே?

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கரணை அளவுக்கு வேறெந்த இடமும் காட்டாது. தென்சென்னைப் புறநகரின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இந்தச் சதுப்பில் வந்து நிற்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. 1960-களில் சுமார் 5,500 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு, இன்று அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கி நிற்கிறது. ஆக்கிரமிப்பு என்றதும் நம் மனதில் குடிசை வந்து நிற்கும். ஆனால் இந்தச் சதுப்பில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கை வைத்தது மாநகராட்சி. கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலை ஆய்வுக்குமான மத்திய அரசு நிறுவனங்கள் அதில் எழுந்தன. பறக்கும் ரயில் பாதை ஓரத்தை வெட்டிக்கொண்டு போயிற்று. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. வளாகங்கள் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து இருந்தது, கோப்பு இருந்தது, முத்திரை இருந்தது.

2022-ல் இந்தச் சதுப்பில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் அந்தப் பரப்பில் காப்புக்காடாக உள்ளது ஏறத்தாழ 700 ஹெக்டேர்தான். மீதி எங்கே இருக்கிறது, எந்தெந்த சர்வே எண்கள், அதில் யாருடைய பட்டா என்பதைத் தரையில் அளந்து ஊரறியக் காட்டும் வேலை முடியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போயின. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையும் அதன் தாக்க மண்டலமும் முடிவாகும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெரும்பாக்கத்தில் பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்த அனுமதி வழக்காகி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு கிலோமீட்டர் என்றால் சிறிய தூரமில்லை. வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம் பக்கம் முப்பது ஆண்டு பழைய மனைப்பிரிவில் அரை கிரவுண்டு வைத்திருப்பவரும் மாடி எழுப்ப அனுமதி கேட்க முடியாமல் நின்றார். வங்கிக் கடன் போட்டு ஃபிளாட் முன்பதிவு செய்தவர், தான் வாங்கியது நிலமா நீரா என்று தெரியாமல் நின்றார்.

தீர்ப்பாயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லை தெரியாத இடத்தில் அகலமாகக் கோடு போடுவதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்கவில்லை. குறை, 2022-லேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டவர்களிடம் இருக்கிறது. அறிவிப்பு வந்த கையோடு வரைவு எல்லையை சர்வே எண் வாரியாக வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் கூச்சல் கிளம்பியிருக்கும். பட்டாக்காரர் வந்திருப்பார், பில்டர் வந்திருப்பார், பறவை பார்ப்பவர்கள் வந்திருப்பார்கள், 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் இடுப்பளவு நீரைப் பார்த்தவர்கள் வந்திருப்பார்கள். சண்டை நடந்திருக்கும். அந்தச் சண்டையின் முடிவில் ஒரு கோடு கிடைத்திருக்கும். இப்போது கோடும் இல்லை, சண்டையும் ஓயவில்லை, பேசுவது மட்டும் வழக்கறிஞர்கள்.

எதிர்வாதங்கள்

முதலில் சொல்லப்படும் ஆட்சேபம், தாமதம். எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வேலையும் நடக்காது, அடுத்த வெள்ளம் வந்துவிடும் என்பார்கள். வெள்ளம் வந்த இரவில் மோட்டார் வைத்து நீர் இறைக்க யாரும் கருத்துக்கேட்பு நடத்தச் சொல்லவில்லை. ஆனால் பல நூறு கோடி ரூபாய்ச் செலவில், ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் கால்வாயைத் திட்டமிடும்போது மூன்று மாதம் தெருத்தெருவாகப் பேசுவதைத் தாமதம் என்று எப்படிச் சொல்ல முடியும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிச்சப்படுத்திய அந்த மூன்று மாதம், வழக்கிலும் மறுபரிசீலனையிலும் பல மடங்காகத் திரும்பிப் போனது. பள்ளிக்கரணையில் மிச்சப்படுத்திய காலத்தின் வட்டியை இப்போது வீடு வாங்கியவர்கள் கட்டுகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. நீரியலும் மண்ணியலும் நிபுணர்களின் வேலை, கூட்டத்தில் கை தூக்கி முடிவுசெய்ய முடியாது என்பது. இதற்குச் சான்றாக 2003-ஐக் காட்டலாம். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி, ஒரே ஆண்டில் கெடு வைத்து, இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டிச் செய்ய வைத்தது அன்றைய அரசு. யாரையும் உட்கார்த்திவைத்துக் கருத்துக் கேட்கவில்லை. அடுத்தடுத்த நல்ல மழைகளில் சென்னையின் கிணறுகள் ஏறின. அது உண்மையான வெற்றி. ஆனால் அந்தக் கதையின் இரண்டாம் பாதியையும் சொல்ல வேண்டும். போட்ட குழிகளைத் தூர்வாரவும், குழாயில் அடைத்த இலையை எடுக்கவும், புதிய கட்டடங்களில் பெயருக்கு வைத்த குழியைச் சோதிக்கவும் தெரு அளவில் யாருக்கும் பொறுப்பு தரப்படவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. உத்தரவால் குழி வெட்ட வைக்க முடிந்தது. பதினைந்து ஆண்டு அதைப் பராமரிக்க வைக்க உத்தரவால் முடியவில்லை.

நிபுணர் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. நிபுணரிடம் இல்லாத தகவல் தெருவில் இருக்கிறது என்பதே விஷயம். மழைமானி மாநகராட்சிக்கு ஒரு வட்டாரத்துக்கான எண்ணைத்தான் தரும். எந்த வீட்டு வாசற்படியில் எத்தனையாவது படி வரை தண்ணீர் நின்றது, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சாலையை உயர்த்திப் போட்ட ஆண்டிலிருந்து எந்த வீடு பள்ளமானது என்பதெல்லாம் அங்குள்ள பெண்களுக்கும் கடைக்காரர்களுக்கும் துல்லியமாகத் தெரியும். அடுப்பைத் தூக்கிக் கட்டிலில் வைத்தவர்களின் கணக்கு அது. வெள்ளத் தடுப்புக்கு இதைவிட மலிவான சர்வே கிடையாது. 2015 பெருவெள்ளத்தை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. தவறு மனிதர்களுடையது என்றால் அதைச் சுட்டிக்காட்டவும் மனிதர்களை அனுமதிக்க வேண்டும். 2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அமைந்த குழு 2023 மார்ச்சில் முதல்வரிடம் அறிக்கை தந்தது. அது கைமாறியபோதே ஒவ்வொரு வார்டிலும் விவாதத்துக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதை வெளியிடுங்கள் என்று கோரிக்கை வைக்க வேண்டிய நிலை வந்ததே வேடிக்கைதான்.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கருத்துக் கூட்டம் என்றால் வருவது யார்? குடியிருப்போர் நலச் சங்கத்துத் தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி, ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேள்வி எடுபட்டதற்கு அந்த மணலின் நியாயம் மட்டும் காரணமில்லை. அங்கே வசிப்பவர்களின் வசதியும் ஒரு காரணம். இதே மாநகரத்தில் கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்களை வெள்ள அபாயம் என்று சொல்லி அப்புறப்படுத்திக் கொண்டுபோய் வைத்த இடம் எது? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்பின் விளிம்பில் குடிவைத்தார்கள். மழை வந்தால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மூழ்குவது ஆண்டுதோறும் செய்தி. கொண்டுபோன குடும்பங்களிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டிருந்தால், எங்கள் வேலை நுங்கம்பாக்கத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் இருக்கிறதே என்பதுதான் முதல் பதிலாக வந்திருக்கும். ஆகவே வசதியானவர்களே பேசுகிறார்கள் என்ற குறை உண்மை. அதற்கு மருந்து, பேசுவதை நிறுத்துவது ஆகாது. கூட்டத்தை வேலைநாள் காலை பதினோரு மணிக்கு ரிப்பன் மாளிகையில் வைக்காமல் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த பிளாக்கின் கீழேயே வைப்பதும், வாயால் சொன்னதை எழுதிக்கொள்ள ஒருவரை அனுப்புவதும்தான்.

எல்லோரும் "எங்கள் தெருவில் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள், குப்பையை எங்கேதான் கொட்டுவது என்று கேட்பவர்களும் உண்டு. கொடுங்கையூரைப் பார்த்துவிட்டு இதைக் கேட்க வேண்டும். பல பத்தாண்டுகளாக வடசென்னை நகரத்தின் குப்பையைச் சுமந்துவிட்டது. இப்போது நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் அங்கேயே என்றபோது, 2025-ல் அந்தப் பகுதிக் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்களும் எங்கள் தெருவில் வேண்டாம் என்கிறார்கள்தான். ஆனால் ஒரு நகரத்தின் தெருக்களிலேயே சில மட்டும் எப்போதும் தேர்ந்தெடுக்கப்படுவது ஏன் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஈரக் குப்பையும் உலர் குப்பையும் கலந்து வரும் ஊரில் எரிப்பது எவ்வளவு எரியும், சாம்பல் எங்கே போகும், புகையை யார் அளப்பார்கள் என்று அவர்கள் கேட்டவை பொறியியல் கேள்விகள். அவற்றுக்குத் தகுந்த பதில் இருந்தால் மக்கள் முன்னால் வைக்கலாமே. அடையாறும் அண்ணா நகரும் தங்கள் குப்பையைத் தாங்களே பிரித்து உரமாக்கிக்கொண்டால் 2,100 டன் வருமா என்பதும் அதே மேசையில் பேச வேண்டிய கணக்கு.

தேர்ந்தெடுத்த பிரதிநிதி இருக்கும்போது தனியாக மக்கள் சபை எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னையில் சுமார் 67 லட்சம் பேர், வார்டுகள் 200. ஒரு கவுன்சிலருக்கு முப்பதாயிரத்துக்கும் மேல். ஒரு கிராம ஊராட்சியில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். நகரத்தில் அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு வார்டு கமிட்டி வேண்டும் என்று 1993-லிருந்தே சொல்கிறது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்குமான விதிகள் வர 2022 ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி முதல் பகுதி சபைகள் கூடின. பம்மலில் முதல்வரே போய் உட்கார்ந்தார். நல்ல தொடக்கம். ஆனால் பகுதியின் பிரதிநிதியை அந்தப் பகுதி தேர்ந்தெடுப்பதில்லை; மாமன்றம் நியமிக்கிறது. ஆகவே பல இடங்களில் கவுன்சிலரின் ஆட்களே அங்கே கூடுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. தெருவிளக்கும் கழிவுநீர் அடைப்பும் பேசப்படுகின்றன. வார்டுக்குள் வரப்போகும் வடிகாலின் மட்டம், மேம்பாலத்தின் தூண், ஏரிக் கலங்கலை அடைக்கும் கட்டடம் ஆகியவை அந்தச் சபையின் மேசைக்கு வருவதில்லை.

சபை இருந்தால் மட்டும் தீர்ந்துவிடாது என்பதற்கு ஏகனாபுரம் இருக்கிறது. பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அந்த ஊர் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றிவருகிறது. ஏரிகளும் கால்வாய்களும் வயலும் அடங்கிய சுமார் 5,700 ஏக்கர். தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறது, திட்டம் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. சட்டமன்றத்திலும் நிலைமை வேறல்ல. பெரிய திட்டங்களுக்காக நீர்நிலைகளை உள்ளடக்கிய நிலத்தை ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் 2023 ஏப்ரல் 21-ல் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. தமிழ்நாட்டு ஏரிகளின் தலையெழுத்தோடு தொடர்புள்ள சட்டம் அது. சட்டமன்றத்திலேயே விவாதம் நடக்காவிட்டால் வார்டு அலுவலகத்தில் நடக்குமா என்று கேட்டால் நியாயம்தான். எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் நான் கேட்பது, மக்கள் வேண்டாம் என்றால் திட்டத்தைக் கைவிடு என்ற தடையுரிமையை அல்ல. ஏகனாபுரத்துக்கு எழுத்தில் ஒரு பதில். நீங்கள் சொன்ன ஏழு காரணங்களில் இவை சரி, இவை தவறு, இன்னின்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று அதிகாரி கையெழுத்திட்ட காகிதம். அப்படி ஒரு கடமை இருந்தால் திட்டம் வரைபவர்களின் கை முதல் கோட்டிலேயே கொஞ்சம் நிதானிக்கும்.

இதற்குப் புதிய சட்டம்கூட அவ்வளவாகத் தேவையில்லை. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களைப் பெற வேண்டும் என்று தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லிருந்தே சொல்கிறது. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்காக சிஎம்டிஏ மக்களிடம் தொலைநோக்குக் கருத்துகளும் வாங்கியது. எப்படிப்பட்ட சென்னை வேண்டும் என்று கேட்டால் பசுமையான சென்னை, நெரிசல் இல்லாத சென்னை என்றுதான் யாரும் சொல்வார்கள். அதில் ஒரு சதுர அடிகூட முடிவாவதில்லை. உங்கள் தெருவின் சர்வே எண் குடியிருப்புப் பகுதியா, வணிகப் பகுதியா, நீர்ப்பிடிப்பா என்று கேட்கும்போதுதான் விவாதம் தொடங்குகிறது. வரைவு கைக்கு வரும்போது வழுவழுப்பான அட்டையையும் முன்னுரையையும் தாண்டிப் போய் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். தமிழில், வார்டு வாரியாக, சர்வே எண்ணோடு வரைபடம் இருக்கிறதா? 2015, 2021, 2023 வெள்ளங்களில் நீர் நின்ற மட்டம் அதே வரைபடத்தின் மேல் குறிக்கப்பட்டிருக்கிறதா? மக்கள் சொன்னவற்றில் எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் என்ற பட்டியல் பின்னிணைப்பாக இருக்கிறதா? மூன்றாவது மட்டும் இல்லையென்றால்கூட, ஆட்சேபம் எழுதக் கொடுக்கும் அவகாசத்தைப் பகுதி சபைகள் வீணாக்கக் கூடாது. தீர்மானமாக நிறைவேற்றி, எண் போட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னாளில் வழக்கு என்று வந்தால், அன்றைக்கே சொன்னோம் என்பதற்கு அந்தச் சீட்டுதான் ஆவணம்.